குண்டுக்கு ஒரு முத்தம்

தடய அறிவியல் ஆய்வகத்தில் கிளிஃபர்ட் சாருக்குப் பயந்து தும்மலை அடக்கிக்கொண்டவர்கள் பலர். சுட்ட துப்பாக்கிக் குண்டில் ஒட்டியிருக்கும் ரத்தத்தையும் சதையையும் எடுத்து, அது யாருடையது என்று சொல்வது அவர் வேலை. நம் எச்சில் ஒரு பொட்டு அதில் பட்டாலும் போச்சு என்று காலையும் மாலையும் ஓதுவார். புதிதாகச் சேர்ந்த திண்டுக்கல் பெண் கிருத்திகாவை, தொப்பிக்கு வெளியே ஒரு முடி எட்டிப் பார்த்ததற்காக வெளியே நிறுத்தி வைத்தவர். மனிதர் அவ்வளவு சுத்தம், அவ்வளவு இம்சை.

அப்படிப்பட்டவர் கையில்தான் லாயிடின் தலைவிதி வந்து விழுந்தது. ஆஸ்டின் டவுன்காரன் லாயிட், ஜீவனஹள்ளியில் ஒரு கல்யாண மண்டபத்துக் காவலாளி. துப்பாக்கி தோளிலிருந்து நழுவி, சமையல்கட்டில் தானாக வெடித்தது, யார் மேலும் படவில்லை என்றான். சமையல் கான்ட்ராக்டர் கோவிந்தப்பாவோ, தன்னைக் குறிவைத்துத்தான் சுட்டான், குண்டு தன் கையைக் கிழித்துக்கொண்டு சுவரில் புதைந்தது என்று பெரிய கட்டோடு வந்து நின்றார். குண்டில் அவர் ரத்தம் இருந்தால் கொலை முயற்சி வழக்கு. லாயிட் ஜெயிலில் காத்திருந்தான்.

குண்டின் முனையைத் துடைத்த பஞ்சின் முடிவைக் கிருத்திகா தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தாள்.

"சார், ஒரே ஒரு ஆளோட டி.என்.ஏ.தான் இருக்கு."

"கோவிந்தப்பாவோடதா?"

"இல்ல சார். நம்ம ஸ்டாஃப்ல ஒருத்தரோட மேட்ச் ஆகுது."

கிளிஃபர்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "எவன் அவன்? பேரைச் சொல்லும்மா, இன்னிக்கே மெமோ குடுக்கறேன்!"

"நீங்கதான் சார்."

மெஷின் கெட்டுவிட்டது என்றார். மறுபடி ஓட்டச் சொன்னார். மெஷின் மறுபடியும் அவரையே காட்டிக்கொடுத்தது. கடைசியில் இருவரும் மேஜைக்கு மேலிருந்த கேமராவின் பதிவைப் பார்த்தார்கள்.

படத்தில் கிளிஃபர்ட் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். கையுறையோடு நெற்றி, மார்பு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டார். பிறகு முகமூடியை இறக்கி, கட்டைவிரலுக்கு இச்சென்று ஒரு முத்தம் கொடுத்தார். அதே விரலால் குண்டைத் தூக்கினார்.

"ஜீசஸ்!" என்றார் கிளிஃபர்ட்.

"அவரைக் கூப்பிட்டதாலதான் சார் பிரச்சினையே" என்றாள் கிருத்திகா.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மானம் போனது ஒரு பக்கம், தன் எச்சிலால் சோதனையே கெட்டு ஒருத்தன் உள்ளேயே கிடப்பானே என்பது மறுபக்கம். நல்லவேளையாக, சுவரில் மோதி நசுங்கிய குண்டின் மடிப்புக்குள் ஏதோ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது கொஞ்சூண்டு. ஒரு தடவைதான் எடுக்க முடியும்.

கண்ணாடி அறைக்குள் புதுக் கையுறையோடு உட்கார்ந்தார். கை தன்னால் நெற்றிக்குப் போனது. வெளியிலிருந்து கிருத்திகா கண்ணாடியைத் தட்டினாள். கையை இறக்கினார். உடனே அது நடுங்க ஆரம்பித்தது.

"ரிச்சர்ட்ஸ் டவுன்ல வீட்டு வாசல்ல வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கே சிலுவை போடறவன்மா நான்" என்றார் பரிதாபமாக. "போடாம கை நிக்க மாட்டேங்குது."

"மனசுக்குள்ள போட்டுக்கோங்க சார்."

"சைன் பண்ணாத செக் மாதிரி இருக்கும்மா."

கிருத்திகா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேராக நின்று, அவருக்காகத் தானே சிலுவை போட்டாள். முறைப்படி முதலில் இடது தோளைத் தொடாமல் வலது தோளைத் தொட்டாள். விரலை முத்தமிட்டாள். அதோடு நிற்காமல், ஊர்ப் பிள்ளையார் ஞாபகத்தில் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

கிளிஃபர்டின் கை நின்றது. பஞ்சு மடிப்புக்குள் பதமாக இறங்கியது.

உள்ளே இருந்தது கோழி. மனித ரத்தம் துளியும் இல்லை. குண்டு பிரியாணி அண்டாவைத் துளைத்துக்கொண்டு சுவருக்குப் போயிருந்தது. பயந்து ஓடிய கோவிந்தப்பா, அண்டாவின் மூடி விளிம்பில் கையைக் கிழித்துக்கொண்டதை அப்புறம் சமையல்காரரே சொன்னார். முனையில் கிடைத்த மனித எச்சில் தன்னுடையது என்று கிளிஃபர்ட் அறிக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். லாயிடுக்கு ஜாமீன் கிடைத்தது.

அடுத்த பொட்டலம் வந்த அன்று கிருத்திகா டீ குடிக்கப் போயிருந்தாள். அவள் திரும்பும்வரை கிளிஃபர்ட் கையுறை போட்ட இரண்டு கைகளையும் தூக்கியபடி காத்திருந்தார். அவள் வந்து அதே மாதிரி, வலது தோளில் தொடங்கிக் கன்னத்தில் முடித்தாள். சரியான முறையைச் சொல்லிக்கொடுக்க அவர் வாயைத் திறந்தார். பலிக்கிற ஒன்றில் கை வைப்பானேன் என்று மூடிக்கொண்டார்.