ஒரே தோலில் ஒரு பைபிளும் ஒரு ஜோடிச் செருப்பும்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எங்கள் சபையின் ஆண்டு விழாவில் என் தம்பி கனகதாஸுக்குப் பொன்னாடை போடப் போகிறார்கள். அவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி விழாச் செயலாளர் நிஜின் கேட்டார். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். எழுதுவேன் என்பது ஊரில் பழைய வதந்தி. கூடவே ஒரு வேண்டுகோள்: "அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் சாரே."

எந்த வார்த்தை? செருப்பு. சொல்லிவிட்டேன். இனி எழுதலாம்.

2.

முதல் தொடக்கம்: பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, தென்னைகள் சாமரம் வீசும்...

(வேண்டாம். எங்கள் பக்கம் ரப்பர். அது யாருக்கும் சாமரம் வீசாது.)

இரண்டாம் தொடக்கம்: தோல்கலை விற்பன்னர் கனகதாஸ் அவர்கள் இளமையிலேயே...

இதைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன்.

"இது ஆராக்கும் அண்ணா?"

"நீதான்."

"அப்படியா. அவரைக் கண்டா நான் விசாரிச்சதாச் சொல்லுங்க."

மூன்றாம் தொடக்கம்: கனகதாஸ் செருப்பு தைப்பவன்.

எழுதியதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. பெருமையா, சண்டைக்கு ஆயத்தமா என்று வாசகர் ஆராய வேண்டாம். எங்கள் குடும்பத்தில் முதுகு அப்படித்தான் இருக்கும்.

3.

குன்னத்துகாலில் அவன் பட்டறை. அங்கேயே தோல் வேலை வகுப்பும் நடக்கிறது. இடம் போதாமல் வாசலிலும் உட்கார்ந்து தைக்கிறார்கள். முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். ஒவ்வொருவர் கையிலும் யாரோ போட்டுத் தேய்ந்த ஒரு செருப்பைக் கொடுப்பான். ஷிஜா என்ற பொறியியல் பட்டதாரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"மக்கா, அது என்ன செத்த எலியா? உள்ளங்கையில வை."

இன்று அவள் தைக்கும் பைகள் கொச்சி வரை போகின்றன. (அவள் மாமியாரும் ஒன்று வைத்திருக்கிறார். பைபிள் கொண்டு போக.)

4.

எங்கள் பிரசங்க மேடைப் பைபிளுக்கு எருமைத் தோலைச் சீவி மெலிதாக்கி அட்டை போட்டவன் கனகதாஸ். மிஞ்சிய தோலில், அதே பைபிளை வாசித்த உபதேசியாருக்கு ஒரு ஜோடிச் செருப்பு தைத்தான். உபதேசியார் காலமானதும் வீட்டார் அதை அவனிடமே கொடுத்துவிட்டார்கள்.

[அடிக்குறிப்பு: எருமை எந்தச் சபையைச் சேர்ந்தது என்பதற்குப் பதிவு இல்லை.]

விழாவில் அந்தப் பைபிளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். தம்பி ஒரு நிபந்தனை போட்டான்.

"செருப்பும் அதே பெட்டியில இருந்தா நான் வாறேன். இல்லேன்னா பொன்னாடையை அந்த எருமைக்குப் போடச் சொல்லுங்க."

"எலே, பைபிள் போதாதா? குடும்பத்துக்கு அதுதான் கௌரவம்."

"பைபிளு மேடையில கெடந்து ஒறங்கிச்சு அண்ணா. செருப்பு உபதேசியாரு காலுல, மழையில திருப்புறம் ஊரு வரைக்கும் நடந்ததாக்கும். தையலு எங்கயாவது விட்டிருக்கா, பாருங்க."

பார்த்தேன். விடவில்லை.

5.

சமரசம் பேசத்தான் நிஜினிடம் போனேன்.

"பைபிளு பெட்டிக்குள்ள இருக்கட்டு சாரே. செருப்பை வெளியில ஒரு ஸ்டூலு போட்டு வைப்போம். செருப்புன்னா வெளியிலதானே?"

என் தாத்தாவை அந்தக் காலத்தில் எங்கே நிற்க வைத்தார்கள் என்றால்...

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அவரும் அங்கேயே நின்றவர்தான்.)

"பெட்டிச் சாவி ஆருகிட்ட இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒங்ககிட்டதான் சாரே. நீங்க மூத்த ஆளுல்லா."

6.

முடிவு ஒன்று: செருப்பைப் பெட்டிக்குள் வைக்கிறேன், சபையே எழுந்து கைதட்டுகிறது. (எங்கள் சபையை அறிந்தவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.)

முடிவு இரண்டு: பைபிளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். (திருட்டு. அதுவும் தலைமையாசிரியர்.)

மூன்றாவதை எழுத நேரமில்லை. விழா ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் பாட்டு தொடங்கிவிட்டது. நிஜின் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், வேண்டாம் என்று. தம்பி செருப்பை என் கையில் தந்துவிட்டு வாசலில் நிற்கிறான், உள்ளே வராமல். பெட்டியின் பூட்டு புதிது, இறுக்கமாக இருக்கிறது. திறக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

ஆகவே வாசகரே, இந்தச் செருப்பைக் கொஞ்சம் பிடியுங்கள்.

எப்படிப் பிடித்திருக்கிறீர்கள்? தம்பி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.