தலைவரின் சட்டைப்பை

காலையில் கடை திறந்ததும், தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவதற்கு முன்னால், தையல்காரர் அந்தக் கைபேசியைத் துடைப்பார். அதில்தான் வானவில் சங்கத்தின் உதவி எண் இருந்தது. ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், திருநங்கை, திருநம்பி, யாருக்கு ஆபத்து என்றாலும் அந்த ஊரில் கூப்பிட அது ஒன்றுதான். சங்கத்தின் முதல் கொடியைத் தைத்தவர் அவர். முதல் தலைவரும் அவரே.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைவர் மாறவேண்டும், மாறும்போது கைபேசியையும் கொடுத்துவிட வேண்டும் என்பது சங்க விதி. முதல் இரண்டு வருடம் முறைப்படி இருந்தார். அடுத்த பதினாறு வருடம் தற்காலிகமாக இருந்தார். அவருடைய நாற்காலி வேர்விட்டு, மழைக்காலத்தில் இரண்டு இலை துளிர்த்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக எதிர்க்கடை முடிதிருத்துகிறவர் சத்தியம் செய்தார்.

அடுத்துத் தலைவர் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டவர் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் திருநங்கை. எல்லோருக்கும் அவர் நர்ஸக்கா.

"அண்ணே, போனை வாரத்துக்கு ஒருத்தர்னு மாத்தி வெச்சுக்கலாம். நீங்களும் தூங்க வேண்டாமா?"

"நான் தூங்கினாலும் என் காது தூங்காதும்மா."

"அப்போ காதைத் தலைவராக்கிட்டு நீங்க ரெஸ்ட் எடுங்க."

தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், நர்ஸக்காவுக்கு வேலை இருக்கும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, மதியம் மூன்று மணிக்குப் பொதுக்குழுவை வைத்தார். இப்படி வைப்பது மூன்றாவது தடவை.

சபை மரியாதைக்காகக் கைபேசியின் சத்தத்தை நிறுத்திச் சட்டைப்பையில் போட்டார். "நம்ம கதவு எப்பவும் திறந்தே இருக்கும்" என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். பதவி நீட்டிப்பு ஏகமனதாக நிறைவேறியது. நடுநடுவே நெஞ்சோரம் ஏதோ அதிர்ந்தது. கைத்தட்டலில் தன் மனசுதான் உருகுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ் டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் மடித்த சட்டை.

"இருபத்திரண்டு வருஷம் நானும் அவரும் ஒரே வீட்ல இருந்தோம். நேத்து மதியம் ஆஸ்பத்திரியில அவர் உசுரு போயிடுச்சு. அவரோட அண்ணனுங்க வந்து, 'நீ யாரு?'ன்னு கேட்டு என்னை வெளிய நிறுத்திட்டாங்க. மூணுலேர்ந்து நாலரை வரைக்கும் உதவி நம்பருக்குப் பதினொரு தடவை அடிச்சேன். அப்புறம் உடம்பை வண்டியில ஏத்திட்டாங்க. எங்க கொண்டுபோனாங்கன்னுகூடத் தெரியல."

தையல்காரர் இன்னும் சத்தம் திறக்காத கைபேசியை எடுத்துப் பார்த்தார்; பதினொரு அழைப்பும் அதில் இருந்தன. "எந்த ஆஸ்பத்திரி?"

"பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டாவது மாடி."

நர்ஸக்கா வேலை பார்ப்பது மூன்றாவது மாடி. போன வருடம் இதே போல ஒரு பெண் வெளியே நின்றபோது, வீட்டாரிடம் பேசி உள்ளே உட்காரவைத்ததே நர்ஸக்காதான்.

"அவருக்குக் கடைசியா இதைப் போட்டுவிடலாம்னு எடுத்துட்டுப் போனேன்" என்று டிரைவர் சட்டையை நீட்டினார். "நீங்க தைச்சது. கையா இது, கொடிக்கம்பமான்னு அவரைக் கிண்டல் பண்ணுவீங்களே. திட்டறதுக்கு வரல. யாராவது எடுத்திருந்தா முகத்தையாவது பாத்திருப்பேன். இது வீட்ல இருந்தா என்னால முடியல, அதான்."

அன்று தையல் இயந்திரம் ஓடவில்லை. தையல்காரர் மூன்றாவது மாடி ஏறிப்போய், கைபேசியையும் சார்ஜரையும் நர்ஸக்காவின் கையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

நர்ஸக்கா அந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "நான் இங்கதானே இருந்தேன் அண்ணே" என்றார் கடைசியில்.

"நீ இங்க இருக்கணும்னுதானே செவ்வாய்க்கிழமை வெச்சேன்." தையல்காரர் உடைந்து அழுதார். "என்னை விட்டா ஆளில்லன்னு சொல்லிச் சொல்லி, ஆளே இல்லாம பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை தேர்தல் வை. நான் நிக்கல. நேரத்துல கைமாத்தாத பதவி யாரையும் காப்பாத்தாதும்மா, உக்காந்திருக்கிறவனோட பெருமையைத்தான் காப்பாத்தும். அந்தப் பதினொரு அழைப்பை மட்டும் அழிச்சிடாதே. வர்ற ஒவ்வொரு தலைவரும் பாக்கட்டும்."