ஏழாம் கேள்விக்குத் தையல்காரரின் பதில்

மாநிலத்தின் ஆறு பெரிய பிரச்சினைகளையும் தையல்காரர் காலை பதினொரு மணிக்குள் தீர்த்துவிட்டார். அவர் காஜா எடுத்தபடியே சொல்லச் சொல்ல, மனைவி முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்தாள். மாவட்டத்துக்கு ஒரு பெரிய மருத்துவமனை, தடையில்லாத மின்சாரம், எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஆசிரியர் இல்லாத வகுப்பே இருக்கக் கூடாது. கடல் அரிப்புக்குக்கூட ஒரு வழி வைத்திருந்தார். கடலைத்தான் பார்த்ததில்லை.

அவர் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். உள்ளூர்ப் பத்திரிகை எல்லா வேட்பாளருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தது. பதில் எழுதாமல் விட்ட கேள்விக்கு நேரே 'பதில் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுவார்களாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு நிருபர் வந்து தாளை வாங்கிக்கொள்வார்.

"ஏழு," என்று வாசித்தாள் மனைவி. "பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்ற வேண்டுமா, கூடாதா?"

தையல்காரர் நாலு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"ம்."

"ம்னா மாத்தணுமா, வேண்டாமா?"

"ம்."

இருபத்திரண்டு வருஷமாக அவரைக் காப்பாற்றி வந்த பதில் அது. அளவுக்கு நிற்கிறவர் கையைத் தூக்கிக்கொண்டு ஊர் நியாயத்தையெல்லாம் கொட்டுவார். வாயில் ஊசியோடு இவர் "ம்" என்பார். தையல்காரர் நம்ம கட்சி என்று வந்தவர் மனம் குளிர்ந்து போவார். அவர் வேட்புமனுவை முன்மொழிந்த பத்துப் பேரில் ஐந்து பேர் நிலையத்தை மாற்றச் சொல்கிறவர்கள். மற்ற ஐந்து பேர் மாற்றினால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாக இருப்பவர்கள்.

மனைவி ஏழாவது இடத்தைக் காலியாக விட்டு, பேனாவை அதன் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

நாலரை மணிக்கு அவளுடைய அண்ணன் வந்தார். அதே தெருவில், பஸ் நிலையத்துக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருப்பவர். தைக்கக் கொடுத்த கோட்டுச் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்திருந்தார். ஒரு கைதான் தைத்து முடிந்திருந்தது.

"மாப்ளே, நிலையத்தை மாத்தக் கூடாதுன்னு எழுதியாச்சுல்ல? பஸ் போயிடுச்சுன்னா என் ரொட்டிய யாரு வாங்குவா, காக்காவா?"

"யாருய்யா அது கூடாதுங்கிறது?" என்று மறைப்புத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அடி மடிப்பில் ஊசி குத்திய பேண்ட்டோடு பஸ் டிரைவர் வெளியே வந்தார். "இந்தத் தெருவுல பஸ்ஸு நுழையவே மாட்டேங்குது. மாத்துறேன்னு எனக்கு வாக்குக் குடுத்திருக்காரு!"

"எனக்கும்தான் குடுத்தாரு! என்னன்னு சொன்னாரு உமக்கு?"

"'ம்'னு சொன்னாரு."

ரொட்டிக்கடைக்காரர் ஒற்றைக்கைக் கோட்டோடு ஓரடி முன்னால் வந்தார். "எனக்கும் அதையேதானே சொன்னாரு!"

இருவரும் ஒன்றாகத் தையல்காரர் பக்கம் திரும்பினார்கள். மணி நாலு நாற்பது. 'பதில் இல்லை' என்று வந்தால் ஊரே சிரிக்கும். பதில் எழுதினால் பாதி ஊர் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். செய்வதறியாமல், கைக்குப் பழகிய வேலையைச் செய்தார். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"இந்த நுனியப் பிடிங்க," என்றார் டிரைவரிடம்.

சுவருக்குச் சுவர் முப்பத்தாறு அடி. ஆனால் இரண்டு பக்கமும் கடைகள் படியாகவும் தகரக் கூரையாகவும் நீண்டதில், பஸ்ஸுக்கு மிஞ்சியது இருபத்தேழு.

"துணி தாராளமா இருக்கு," என்றார் தையல்காரர். அவர் முகம் தெளிந்திருந்தது. "மடிப்புதான் தின்னிருக்கு."

துணிக்குக் குறி போடும் சாக்குக் கட்டியால் மச்சானின் படியில் கோடு போட்டார். மச்சான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அடுத்து மருந்துக்கடை, அப்புறம் செருப்புக்கடை. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருவர் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். கடைசியில் அவருடைய சொந்தக் கடை. கூரையும் அதற்குக் கீழே கட்டிங் மேசையும் ஐந்தரை அடிக்குத் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன. தெருவிலேயே பெரிய மடிப்பு.

சாக்குக் கட்டி அந்தரத்தில் நின்றது.

"என்ன சார், ஏழாவது தயாரா?" என்றார் நிருபர், ஸ்கூட்டரை நிறுத்தியபடி.

தையல்காரரின் கை தானாகச் சட்டைக் காலருக்குப் போய்க் குண்டூசிகளைப் பிடுங்கி வாயில் வைத்தது.

மனைவி படியிறங்கி வந்தாள். ஒவ்வொன்றாக நாலு ஊசியையும் உருவித் தன் முந்தானையில் குத்திக்கொண்டாள்.

"வாயால சொல்லுங்க."

"நிலையம் இங்கயே இருக்கட்டும். தெருவுல நீட்டினதையெல்லாம் வெட்டணும்." தையல்காரர் குனிந்து தன் கடைக்கும் கோடு இழுத்தார். "முதல்ல என்னுது."

"என் ஓட்டு உமக்குக் கிடையாது!" என்றார் மச்சான்.

"எனக்கும் பாதித் திருப்திதான்," என்றார் டிரைவர்.

"அப்ப பாதி ஓட்டுப் போடுங்கண்ணே," என்றாள் மனைவி, ஏழாவது இடத்தில் எழுதியபடியே.

முன்மொழிந்த பத்துப் பேரும் அன்று முதல் முறையாக ஒத்துப்போனார்கள். பத்துப் பேருக்கும் அவர்மேல் கோபம். மச்சான் ஒற்றைக்கைக் கோட்டோடேயே விறுவிறுவென்று போய்விட்டார்.

"மச்சான், இன்னொரு கை!" என்று தையல்காரர் கத்தினார்.

"நீரே போட்டுக்கும்!"

தையல்காரர் சிரித்துவிட்டார். பிறகு கட்டிங் மேசையின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையைப் பிடிக்க டிரைவர் வந்தார். காலில் ஊசி குத்தக் குத்த, நொண்டிக்கொண்டே மேசையை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார்.