வெர்னாவைத் தூக்கிய கூலி

வெர்னா ஸ்டோக்லி, ரெக்கவரி வண்டிக்காரன் ட்வைட் ஹார்கிஸுக்குத் தரவேண்டியிருந்த பாக்கி தொள்ளாயிரத்து நாற்பது டாலர். அவளை நான்கு தடவை தரையிலிருந்து தூக்கி நிறுத்திய கூலி அது. மணலில் இறங்கிய காரை இழுத்துவிட என்ன வாங்குவானோ அதையேதான் இதற்கும் வாங்கினான். மனுஷிக்குத் தனி விலை என்று அவன் வைத்துக்கொள்ளவில்லை. முதல் தடவை அவள் கடை வாசலில் பனியில் வழுக்கி விழுந்தாள், இரண்டாம் தடவை துணி காயப்போடுகிற இடத்தில். மூன்றும் நான்கும் நோய் வந்த பிறகு, கால் மடங்கி. ஒவ்வொரு தடவையும் அகலமான பட்டையை அவள் அக்குளுக்குக் கீழே சுற்றி, சங்கிலியில் மாட்டி, வண்டியிலிருக்கிற இழுவை வின்ச்சை ஓடவிடுவான். வண்டியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பும். எடை இயந்திரத்தில் ஏறினால் அவள் நூற்று முப்பது பவுண்டு தாண்டியதில்லை. நாற்காலி அவளைத் தாங்கும், காரில் ஏறினால் சக்கரம் அமுங்காது, படியும் ஏறுவாள். வேறொருவர் தூக்கப் போனால் மட்டும் அசையமாட்டாள். தூங்கும்போது போர்வைக்கு வெளியே கிடக்கிற கையை எடுத்து உள்ளே வைக்கக்கூட முடியாது.

இது தொடங்கிய நாள் ட்ரை ஃபோர்க் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருடம் முன்னால் அவள் மகள் கெல்சியைப் புதைத்த நாள். கெல்சி முதுகுவலிக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து, பிறகு மாத்திரைக்காகவே முதுகுவலி என்று சொல்லி, கடைசியில் எலும்பும் தோலுமாக யாருடையதோ ஒரு காரின் பின்சீட்டில் கிடந்தாள். பெட்டியை ஜிப்சம் சுரங்கத்து ஆட்கள் ஆறு பேர் சுமந்தார்கள். அப்போது சுரங்கத்தில் வேலை பார்த்த ட்வைட்டும் அதில் ஒருவன். அவனுக்கு முட்டி சரியில்லை. மேடு ஏறும்போது, "நல்லவேள, லேசாத்தான் இருக்கு" என்று முன்னால் போனவனிடம் சொன்னான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மூட்டை தூக்குகிறவன் வாயில் தானாக வருகிற பேச்சு. பின்னால் வந்த வெர்னாவின் காதில் அது விழுந்தது. மண் போட்டு முடிந்ததும் அவள் குழிக்கரையில் உட்கார்ந்தாள். தங்கை மார்லா எழுப்பிப் பார்த்தாள். இரண்டு ஆண்கள் வந்தார்கள், பிறகு நான்கு பேர், பிறகு அங்கியை மடித்துக்கொண்டு பாதிரியார். ஒருவராலும் முடியவில்லை. இருட்டியதும் அவளாக எழுந்து வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்துச் சமையல்கட்டில் வழக்கம்போல முட்டை பொரித்தாள். ஊர் கொஞ்சநாள் பேசியது. ரீனோவிலிருந்து ஒரு டாக்டர் வந்து தூக்கிப் பார்த்துத் தோள்பட்டையில் சுளுக்கோடு திரும்பிப் போனார். அப்புறம் சுரங்கத்தில் ஆள்குறைப்பு வந்தது. வேலை போன ட்வைட் ரெக்கவரி வண்டி வாங்கினான், ஊருக்கும் வேறு பேச்சு கிடைத்தது.

ஒன்பதாம் வருடம் மார்ச்சில் வெர்னாவுக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். பனிக்காலம் தாண்டமாட்டாள் என்றும் சொன்னார்கள். சாவதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. செத்த பிறகு விழுந்த இடத்திலேயே கிடப்போம் என்பதுதான் பயம். சவ அடக்கம் செய்கிறவர் வீட்டுக்கு வந்து, வாசலையும் நடையையும் அளந்து பார்த்துவிட்டு, நாள் நெருங்கும்போது அவளாகவே நடந்து வந்து பெட்டிக்குள் படுத்துக்கொண்டால் எல்லாருக்கும் வசதி என்று மரியாதையாகச் சொன்னார். அறையில் கணப்பு உண்டு, அப்படி வருகிறவர்களுக்குக் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கலாம் என்றும் சொன்னார். அவர் போன பிறகு வெர்னா வெகுநேரம் கைகழுவும் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சங்கிலி போட்டுத்தான் குழியில எறக்குவாங்கடி," என்றாள் மார்லாவிடம். "பழைய இரும்புக்குப் போற வண்டி மாதிரி. கெல்சிய மனுசங்க தூக்கிட்டுப் போனாங்க. என்னையும் ஒரு மனுசக் கை தூக்கணும். வேற எதுவும் வேணாம்."

அதன் பிறகு மார்லா தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அக்காவின் இடுப்பைக் கட்டித் தூக்கிப் பார்த்தாள். பல் துலக்குவதுபோல அது ஒரு வழக்கமாயிற்று.

வழி சொன்னவள் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற யோலாண்டா. அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெண்களெல்லாம் சேர்ந்து வேகஸுக்குப் போய், ஆண்கள் சட்டையைக் கழற்றி ஆடுகிற ஒரு பெரிய அரங்கத்தில் ஆட்டம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அங்கே ஆடுகிறவர்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தியைப் பிடித்து மேடையில் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தலைக்கு மேலே தூக்குவார்களாம்.

"என் நாத்தனார் இருக்காளே, ஃப்ரிட்ஜ் மாதிரி இருப்பா. அவளத் தலைகீழாத் தூக்கிச் சுத்துனான் ஒருத்தன். அவனுக்கு மூச்சுகூட வாங்கல. நம்ம ஊர்க்காரனுங்க மூட்டை தூக்குனவங்க. பொம்பளையத் தூக்குறதையே தொழிலா வச்சிருக்கவன் வேற ஆளு."

"எனக்குப் புத்து, உங்களுக்குக் கூத்தா?" என்றாள் வெர்னா. ஆனால் அன்று மதியம் உருளைக்கிழங்கு வறுக்கும்போது, அந்தப் பையன்கள் எத்தனை வயசு இருப்பார்கள் என்று தானாகவே கேட்டாள்.

திட்டம் ஆகஸ்ட் முழுக்க நடந்தது. லாரிக்காரர்கள் மேசையில் விட்டுப்போகிற சில்லறையைச் சமையல்கட்டுப் பெண்கள் ஊறுகாய் ஜாடியில் போட்டுச் சேர்த்தார்கள். முன்வரிசைச் சீட்டு ஒன்றின் விலையில் மார்லா ஒரு மாத வாடகை கட்டிவிடலாம். மூன்று சீட்டு எடுத்தார்கள். தொலைபேசியில் பேசிய பெண் என்ன விசேஷம் என்று கேட்டாள். பிறந்தநாளா, கல்யாணமா, விவாகரத்தா. வேறு எதற்கும் அவர்களிடம் ஏற்பாடு இல்லை. மணப்பெண்ணைத்தான் முதலில் மேடைக்கு அழைப்பார்கள் என்று யோலாண்டா ஜாடை காட்ட, மார்லா கல்யாணம் என்றாள். அம்பத்தெட்டு வயசு, கன்னம் ஒட்டிப்போனவள், மணப்பெண் ஆனாள். மளிகைக் கடையில் வெள்ளை வலைத்துணி வாங்கி முக்காடு தைத்தார்கள். தோளில் குறுக்கே போட 'மணப்பெண்' என்று எழுதிய ஒரு பட்டு நாடா. நடைபாதை ஓரத்துச் சீட்டாக இருக்கவேண்டும், வலி மாத்திரையை ஆட்டம் தொடங்க ஒரு மணி முன்னால் விழுங்கவேண்டும், எடை விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, தெரிந்தால் மேடையேற்ற மாட்டார்கள். எல்லாவற்றையும் யோசித்தார்கள். வேகஸில் அவள் விழுந்தால் தூக்க ட்வைட் இல்லை, அங்கேயே கிடக்கவேண்டியதுதான் என்பதையும் யோசித்து, ஹீல்ஸ் வேண்டாம், தட்டைச் செருப்பு போதும் என்று முடிவு செய்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெயர் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை யோலாண்டாவின் காரில் கிளம்பினார்கள். பாலைவனத்தில் நான்கு இடத்தில் நிறுத்தி வெர்னா வாந்தியெடுத்தாள், ஒவ்வொரு தடவையும் முக்காட்டைப் பத்திரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அரங்கம் கண்ணாடி விளக்கும் சிவப்பு வெல்வெட் நாற்காலியுமாக இருந்தது. ஒரு கிளாஸ் பானத்தின் விலையைக் கேட்டுவிட்டு மூவரும் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். விளக்கு அணைந்தது, பாட்டு வந்தது. கோட்டும் டையும் போட்ட பன்னிரண்டு ஆண்கள் வந்து, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் மாதிரி ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வேலை முடிந்து வருகிற ஆண்பிள்ளை உடம்பை மூன்று பேருமே பார்த்தவர்கள்தான். இவர்கள் உடம்பில் தூசி இல்லை, தழும்பு இல்லை, ஒருவனும் இருமவில்லை. மார்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் பாட்டில், ஒஹையோவிலிருந்து வந்த ஒரு பையன் நேராக வந்து வெர்னாவின் முன்னால் மண்டியிட்டுக் கை நீட்டினான். அவள் எழுந்து தானாக நடந்து மேடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நிகழ்ச்சி நடத்துகிற பெண் மைக்கை நீட்டி, மாப்பிள்ளை பெயர் என்ன என்று கேட்டாள். வெர்னா மார்லாவைப் பார்த்தாள். மார்லா யோலாண்டாவைப் பார்த்தாள். இந்த ஒன்பது வருடத்தில் வெர்னாவின் உடம்பைத் தொட்ட ஆண், டாக்டர்களை விட்டால், ஒருவன்தான்.

"ட்வைட்," என்றாள்.

"என்ன வேலை பாக்குறாரு?"

"தூக்குற வேலை."

அரங்கம் சிரித்தது.

"உங்களத் தூக்கியிருக்காரா?"

"காசு வாங்கிட்டுத்தான் தூக்குவாரு."

பெண்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பையனும் சிரித்துக்கொண்டே நாற்காலியின் அடியில் கைகொடுத்து எழப் பார்த்தான், முடியவில்லை. நாற்காலியை விட்டுவிட்டு அவள் இடுப்பைப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. எண்ணெய் தடவிய முகத்தில் முதல் தடவையாக உண்மை வியர்வை வந்தது. இன்னொருவன் வந்தான், பிறகு இருவர், கடைசியில் பன்னிரண்டு பேரும் சுற்றி நின்று, சுரங்கத்தில் தடம் புரண்ட வண்டியைத் தூக்குவதுபோல ஒரே குரலில் எண்ணித் தூக்கிப் பார்த்தார்கள். கூட்டம் இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தது. பையனின் முதுகில் ஏதோ பிசகி, அவன் நாற்காலியின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மன்னிச்சிருங்கம்மா, என்னால முடியல," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"உம்மேல தப்பில்லப்பா. முதுகுக்கு ஐஸ் வை," என்றாள் வெர்னா. பாட்டு முடியும்வரை அவன் தலையில் கைவைத்திருந்தாள். பிறகு தானாக எழுந்து இறங்கி வந்தாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மார்லா காரை ஓட்ட, இரவோடு இரவாகத் திரும்பினார்கள். விடிந்த பிறகு ஒரு பெட்ரோல் நிலையத்தில் மார்லா ஸ்டியரிங்கில் தலையை முட்டி அழுதாள். பின்சீட்டில் படுத்திருந்த வெர்னா, பட்டையில்லாமல் ஓர் ஆணின் வெறுங்கை பட்டு எத்தனை வருடமாயிற்று, அந்தப் பையனுக்குக் கை சூடாக இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

யோலாண்டா வாய் சும்மா இருக்காது. திங்கள்கிழமை மத்தியானத்துக்குள் மாப்பிள்ளை விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாரில் ட்வைட்டைச் சூழ்ந்துகொண்டு, "என்ன மாப்ள, கல்யாணச் சாப்பாடு எப்போ? காசு வாங்கிட்டுத்தான் பொண்டாட்டியத் தொடுவியாமே?" என்று கேட்டார்கள். அவன் பீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலத்திலிருந்து அவன் ரெக்கவரி வண்டி வெர்னாவின் வீட்டு வாசலில் நின்றது. அவன் இறங்கவும் இல்லை, கதவைத் தட்டவும் இல்லை. பாக்கியும் கேட்கவில்லை. நான்காம் நாள் வெர்னா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வர்றதுன்னா வா. இல்லன்னா எஞ்சின அமத்து. டீசல் வாசன கொமட்டுது."

அவன் எஞ்சினை அணைத்தான். ஆனால் உள்ளே வரவில்லை. அக்டோபர் முழுக்க அப்படியே வந்து நின்றான். குளிர் ஏற ஏற வண்டியின் கண்ணாடியில் உள்ளிருந்து மூச்சு படிந்தது. வெர்னா படுக்கையைச் சன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னாள்.

நவம்பரில் ஒரு காலை அவள் செத்தாள். எது நடக்கக் கூடாது என்று பயந்தாளோ அதுவே நடந்தது. குளியலறையில், தொட்டிக்கும் கதவுக்கும் நடுவே, வின்ச் கம்பி போய் எட்டாத இடத்தில். மார்லா அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள், வரவில்லை. ட்வைட்டுக்குப் போன் செய்தாள். அவன் வந்தான். கையில் சங்கிலியும் இல்லை, பட்டையும் இல்லை. குளியலறை வாசலில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வலிக்கிற முட்டியை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையை அவள் முழங்காலுக்கு அடியிலும் இன்னொன்றை முதுகுக்கு அடியிலும் கொடுத்து எழுந்தான். வெர்னா வந்தாள். ஒடுங்கலான நடையில் அவளைப் பக்கவாட்டில் திருப்பி, தலை இடித்துவிடாமல் கொண்டுபோனான். ஒவ்வொரு அடிக்கும் அவள் தலைமயிர் அசைந்ததை மார்லா பின்னால் நடந்தபடி பார்த்தாள். அவன் மூச்சு வாங்கவில்லை. தலையணை சுமப்பவன்போல நடந்தான்.

"கனமா இருக்காளா?" என்று கேட்டாள் மார்லா.

ட்வைட் வாசற்படியில் நின்றான்.

"நல்ல கனம்," என்றான். "நல்ல கனம், மார்லா."

வண்டியின் பின்தளத்தில் கிடத்தாமல் முன்சீட்டில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, மெதுவாக ஓட்டிப் போனான்.

அடக்கத்தின்போது ஆறு பேர் பெட்டியைப் பிடித்தார்கள். ட்வைட் கைவைத்திருந்தவரை பெட்டி மேடேறியது. நடுவழியில் மூக்கைத் துடைக்க அவன் கையை எடுத்தான். மற்ற ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள், பெட்டி அசையவில்லை. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தான், போனார்கள்.  பாதிரியார் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தையே தொடர்ந்து வாசித்தார். மண் போட்டு முடிந்ததும் மார்லா கைப்பையைத் திறந்தாள். பழைய பாக்கியோடு இந்தத் தடவையும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டாள். ட்வைட் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"பொண்டாட்டியத் தூக்குனதுக்கு எவனாவது பில்லு போடுவானா?"

மார்லா கைப்பையை மூடினாள்.