பதினாறாவது ஆள்

முபீனா எழுதி வைத்திருந்த அறிக்கையின்படி தங்கபாண்டியின் வகுப்பு தோற்றுப்போயிருந்தது.

கிளைச் சிறைக்குக் கஞ்சாப் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு அவர் நடத்தும் வகுப்பு அது. அதை முடித்து விடுதலையான முப்பத்தொரு பேரில் பதினாறு பேராவது ஒரு வருடம் கழித்தும் பழக்கத்தை விட்டிருந்தால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள். தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டியது முபீனாவின் வேலை. இரண்டு வாரம் போடியின் சந்துகளில் கதவு கதவாகத் தட்டினாள். பத்துப் பேர் அகப்பட்டார்கள். அவர்களில் நான்கு பேர்தான் தேறினார்கள். மற்ற இருபத்தொரு பேரைக் காணவில்லை. கண்டுபிடிக்க முடியாதவன் பழக்கத்துக்குத் திரும்பியவன் என்று விதிமுறை சொன்னது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அறிக்கையைக் கொடுக்க வேண்டும்.

எதையும் எழுதி முடித்தபின் அதன் எதிரே கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவள் பழக்கம். இந்த அறிக்கையின் எதிரே ஞாயிறு முழுவதும் உட்கார்ந்திருந்தாள். பூட்டிக் கிடந்த இருபத்தொரு கதவுகள் உறுத்தின. செவ்வாய்க்கிழமை மறுபடி முனீஸ்வரன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி செல்லக்கிளி துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"திரும்பவுமா? பதினோரு மணிக்கு வந்து நின்னா அந்த மனுசன் எப்பிடிம்மா இருப்பாரு? விடியுமுன்ன ஜீப்பு ஏறுனா பொழுது சாயத்தான் வருவாரு."

"தெனமுமா?"

"மலையில ஏலக்காய் எடுக்குற நேரம்ல. உள்ள போறதுக்கு முன்ன வந்திருந்தா வாசல்லயே கெடந்திருப்பாரு. தடுக்கி விழுந்திருப்ப."

முபீனா தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். பதினோரு மணிக்கு வீட்டில் அகப்படுகிறவன் யார்? வேலைக்குப் போகாதவன். தேறியவர்களை, அவர்கள் வீட்டில் இருக்கவே முடியாத நேரமாகப் பார்த்து இரண்டு வாரம் தேடியிருக்கிறாள்.

தங்கபாண்டியிடம் போனில் சொன்னபோது அவர் துள்ளினார். "நானும் வர்றேன் தங்கச்சி. எனக்கு அத்தன மூஞ்சியும் தெரியும்."

"நீங்க வரக்கூடாதுண்ணே. உங்க முகத்துக்காகப் பண்ணுனாங்கன்னு ஆயிரும். முடியிற வரைக்கும் எனக்குப் போனும் பண்ணாதீங்க."

புதன்கிழமை விடிவதற்கு முன்பே, தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஸ்டாண்டில் நின்றாள். பையில் சோதனைக் குப்பிகளும் பட்டைகளும் இருந்தன. சிறுநீரில் பட்டையை நனைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு கோடு வந்தால் கஞ்சா இல்லை; ஒரு கோடு வந்தால் இருக்கிறது. ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, காதோடு சம்மதம் கேட்க நினைத்திருந்தாள். முதல் ஆளான முனீஸ்வரன் அந்த ஏற்பாட்டையே கெடுத்தான். கழிப்பறையிலிருந்து பட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி வந்தான்.

"ரெண்டு கோடு! எல்லாரும் பாத்துக்கங்கப்பா!"

"ரெண்டு கோடா?" ஜீப்புக்குள்ளிருந்து, காய் எடுக்கப் போகும் குருவம்மாள் கேட்டாள். "அப்ப எத்தனாவது மாசம்டா ஒனக்கு?"

ஸ்டாண்டே சிரித்தது. டிரைவர் ஹாரனை அமுக்கினான். "வெரசா சோதிங்க மேடம், லோடு காத்துக் கெடக்கு!"

அதற்குப் பிறகு அவர்களாகவே வந்தார்கள். புதனும் வியாழனும் சேர்த்துப் பதினான்கு பேர். பதினொரு பேருக்கு இரண்டு கோடு. ஒரு கோடு வந்த மூன்று பேர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜீப் ஏறினார்கள். அவர்களையும் எழுதிக்கொண்டாள். முதலில் தேறிய நான்கு பேரோடு ஆக மொத்தம் பதினைந்து. இன்னும் ஒரு ஆள் வேண்டும்.

"சூர்யபிரகாஷ் இருக்கான். குரங்கணிக்கு மேல எஸ்டேட்டுலயே தங்கிட்டான், எறங்குறதே இல்ல" என்றான் முனீஸ்வரன்.

மூன்று முறை உள்ளே போனவன். அவனைத்தான் அவள் முதலில் கழித்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை குருவம்மாளின் மடியில் பாதி உட்கார்ந்து மலையேறினாள். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தின் முன்னால் சூர்யபிரகாஷ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். தங்கபாண்டி சாரு அனுப்புனாரா?"

"நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது. இஷ்டமில்லன்னா சொல்லுங்க, போயிர்றேன்."

அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். பிறகு குப்பியை வாங்கிக்கொண்டு கட்டடத்தின் பின்னால் போனான்.

பட்டையை மூட்டைமேல் வைத்தார்கள். ஒரு கோடு உடனே வந்தது. அதற்குக் கீழே வெள்ளையாகவே இருந்தது. பெண்கள் கூடை சுமந்தபடி அப்படியே நின்றார்கள். குருவம்மாள்கூட வாய் திறக்கவில்லை. செடிகளில் தங்கிய மழைநீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்று நிமிடம். நான்கு. மழுங்கிய பென்சிலால் இழுத்ததுபோல் ஏதோ ஒன்று தோன்றியது. முபீனா குனிந்தாள். அது சிவந்து கோடாக நின்றது.

குருவம்மாள் போட்ட குலவை சரிவெங்கும் கேட்டது. அடுத்த தோட்டத்திலிருந்து யாரோ "என்னாச்சு?" என்று கத்தினார்கள்.

சூர்யபிரகாஷ் மட்டும் அமைதியாக இருந்தான். "எனக்குத் தெரியும்க்கா. இத்தன நாளா எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

சிக்னல் கிடைக்கும் வளைவு வரை முபீனா ஓடினாள்.

"அண்ணே, பதினாறு."

மறுமுனையில் சிறையின் இரும்புக் கதவு திறக்கும் ஓசை வந்தது.

"கடைசி ஆள் யாரு தங்கச்சி?"

"சூர்யபிரகாஷ்."

அவர் குரல் உடைந்தும் உயர்ந்தும் வந்தது. "இன்னைக்குப் புதுசா ரெண்டு பேரு வந்திருக்கானுக. அவன் கதையிலதான் ஆரம்பிக்கப் போறேன். வச்சிர்றேன், வகுப்புக்கு நேரமாச்சு."