உள்ளே விட்ட துணி

அளவெடுக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. முர்டோ கெடஸ் மூன்றாவது கம்பளிப் பனியனைத் தலைவழியாக இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான். மே மாதத்து வெயில் ஜன்னலில் அடித்தது. அந்த ஊரில் அப்படியொரு வெயில் வருடத்துக்கு நாலு நாள் அடித்தால் அதிகம். அது இன்றைக்குப் பார்த்தா அடிக்க வேண்டும்? அக்குளில் இப்போதே வியர்வை ஊறியது. அவன் மனைவி இஷ்பெல் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"மூணு போட்டா மட்டும் தையல்காரருக்குத் தெரியாதாக்கும்? இருபத்தாறு வருசமா உன்னை அளந்த மனுசன். என்னைவிட அவருக்குத்தான் உன் சுத்தளவு நல்லாத் தெரியும்."

"சும்மா இரு இஷ்பெல். முதுகுல புடைக்குதான்னு மட்டும் பாரு."

"புடைக்குது."

"பரவாயில்ல. புடைக்கட்டும்."

அந்தப் பள்ளத்தாக்கு எஸ்டேட்டுக்கென்று தனியாக ஒரு ட்வீட் கம்பளித் துணி உண்டு. நனைந்த பாசியின் பச்சை, அதன் குறுக்கே காய்ந்த புதரின் பழுப்பு, நடுவில் மெல்லிசாக ஒரு துருநிறக் கோடு. அதைப் போட்டுக்கொண்டு மலையில் உட்கார்ந்துவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிற மானுக்கும் தெரியாது. வெளியாள் யாரும் அதைப் போடக்கூடாது. முர்டோவைப் போன்ற எஸ்டேட் வேட்டைக்காவலர்களுக்கு மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு சூட்: கோட்டு, உள்கோட்டு, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டும் கால்சட்டை, தட்டைத் தொப்பி. கீழே டவுனிலிருந்து தையல்காரர் ரென்விக் வந்து அளவெடுப்பார். யாரை அளக்கிறார்களோ அவன் வேலையில் இருக்கிறான். யாரை அளக்கவில்லையோ அவன் புரிந்துகொள்ள வேண்டியதுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. போன தடவை மேனேஜர் ஆகில்வி, "ஹியூ, உங்களுக்குப் பழசே நல்லாத்தானே இருக்கு" என்றார். நவம்பரில் ஹியூ மக்ரே எஸ்டேட் வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கை ஊருக்குப் போனார்.

முர்டோவுக்குக் குளிர்காலத்திலிருந்தே உடம்பு உருகிக்கொண்டிருந்தது. எவ்வளவு தின்றாலும் ஒட்டவில்லை. ராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது. தைராய்டு என்றார் டாக்டர். "மாத்திரையை விடாம சாப்பிடுங்க. கை நடுக்கம் ரெண்டு மாசத்துல நிக்கும். உடம்பு திரும்ப ஒரு வருசம் ஆகும். திரும்பும்னுதான் நினைக்கிறேன்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை முர்டோ இஷ்பெல்லிடம் சொல்லவில்லை. மேனேஜரிடம் எதையுமே சொல்லவில்லை. வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகள் பிறந்த வீடு.

ஆகில்வி கெட்டவர் இல்லை. மலை ஏற முடியாதவனை மலையில் வைத்திருக்கக்கூடாது என்று நினைப்பவர், அவ்வளவுதான். ஹியூ போனபோது முர்டோவும் மனசுக்குள் அதையேதான் நினைத்தான். 'பாவம், ஆனா என்ன பண்றது, வயசாயிருச்சே' என்று நினைத்தான். அந்த நினைப்பு இப்போது முள்ளாக உறுத்தியது.

துப்பாக்கி அறையில் மேனேஜர் மேஜைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். ரென்விக் அளவைச் சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும், அதுதான் வழக்கம். ரென்விக் குள்ளமான மனிதர். கோட்டு மடிப்பில் வரிசையாகக் குண்டூசி, முகத்தில் எப்போதும் கடுகடுப்பு. யாரையும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை. இன்னொரு காவலன் ஃபெர்கஸுக்கு அளவெடுத்து, "எருமைத் தோள்" என்று ஆசீர்வதித்து அனுப்பிவிட்டு முர்டோவைப் பார்த்தார்.

"கோட்டைக் கழட்டு."

கழட்டினான்.

"ஸ்வெட்டரையும் கழட்டு. உன்னை அளக்க வந்தேனா, ஆட்டை அளக்க வந்தேனா?"

டேப் முதுகைச் சுற்றி மார்புக்கு வந்தது. ரென்விக்கின் விரல் விலாவில் ஒருமுறை அழுந்தியது. பனியனுக்குக் கீழே இன்னொரு பனியன், அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே எலும்பு. விரல் அங்கேயே நின்றது. முர்டோ கதவோரம் வரிசையாக வைத்திருந்த ஷூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். துளைப் பூவேலை போட்ட தடித்த பழுப்புத் தோல், அடியில் ஆணி. ஷூ மட்டும்தான் அவனுக்கு இன்னும் பழைய அளவு. கால் இளைக்கவில்லை.

குனிந்து டேப்பைப் பார்த்தான். முப்பத்தொன்பது. போன தடவை நாற்பத்து நாலு.

"மார்பு?" என்றார் மேனேஜர், தலை தூக்காமல்.

ரென்விக் ஓரடி நகர்ந்தார். அவர் முதுகு இப்போது மேஜைக்கும் டேப்புக்கும் நடுவில் இருந்தது.

"நாப்பத்து நாலு."

பேனா கீறியது.

"இடுப்பு?"

"நாப்பது. அரை கூடப் போட்டுக்கோங்க. துரைக்கு வயிறு வைக்குது." முர்டோவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஏய்யா, உன் பொண்டாட்டி உனக்கு என்னதான் போடுறா? வெண்ணெயைக் கரைச்சு ஊத்துறாளா?"

மேனேஜர் சிரித்துவிட்டார். "கொஞ்சம் கூடுதலா மலை ஏறுங்க முர்டோ."

"சரி சார்" என்று ஒரு குரல் வந்தது. அது தன்னுடையதுதான் என்று முர்டோவுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"மூச்சை விடு" என்றார் ரென்விக். "இங்கயே விழுந்து தொலைச்சிராதே."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் இஷ்பெல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். "அந்தச் சிடுமூஞ்சியா!" என்றாள். "அந்தச் சிடுமூஞ்சியா!" கண்ணைத் துடைத்துக்கொண்டபின் அடுத்த கவலை வந்தது. "சரி, நாப்பத்து நாலுக்குத் தைச்சு அனுப்பினா என்ன பண்றது? உள்ள உன்னோட நானும் சேந்து நுழையலாம். மேனேஜர் பாக்க மாட்டாரா?"

அது முர்டோவின் தூக்கத்தைக் கெடுத்தது. ஜூன் போனது, ஜூலை போனது. மாத்திரை வேலை செய்தது. கை நடுக்கம் நின்றது, நெஞ்சு அடங்கியது. உடம்பு மட்டும் வரவில்லை. வேட்டைப் பருவம் தொடங்கும் நாளில் காவலர்கள் எல்லாரும் புது சூட்டில் எஸ்டேட் மாளிகை வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். தொளதொளவென்று நிற்கிறவனை யாரும் கைகாட்டவே வேண்டாம்.

ஆகஸ்ட் முதல் வாரம் பார்சல் வந்தது. முர்டோ அதே மூன்று பனியனுக்கு மேல், கண்ணை மூடிக்கொண்டு கோட்டை மாட்டினான். தோளில் உட்கார்ந்தது. மார்பில் உட்கார்ந்தது. பொத்தான் போட்டால் ஒரு சுருக்கம் இல்லை. இருக்கிற இந்த உடம்புக்கு, இந்த முப்பத்தொன்பதுக்கு, அச்சாகப் பொருந்தியது.

"கழட்டு, கழட்டு" என்றாள் இஷ்பெல், கோட்டின் நுனியைக் கையில் பிடித்துப் பார்த்து. "ஏதோ கனக்குது."

கோட்டைப் புரட்டி, உள்துணியின் ஓரத்தில் விரலை விட்டுத் தடவினாள். பிறகு ஜன்னலுக்குப் பக்கத்தில் எடுத்துப்போய்ப் பார்த்தாள். இரண்டு பக்க மூட்டிலும், முதுகு மூட்டிலும் துணி மடித்து மடித்து உள்ளே விட்டிருந்தது. ஒரு தையல், அதற்கு உள்ளே இன்னொன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. வெளித் தையலைப் பிரித்தால் ஓரளவுக்கு விரியும், அடுத்ததைப் பிரித்தால் இன்னும் விரியும். உள்கோட்டிலும் அப்படி, கால்சட்டை இடுப்பிலும் அப்படி. இவ்வளவு துணியை எந்தத் தையல்காரரும் உள்ளே விடமாட்டார், கோட்டின் வடிவம் கெட்டுவிடும் என்பார்கள். பிரிக்கிறவளுக்குத் தெரியவேண்டும் என்றே தையலெல்லாம் வெள்ளை நூலில் போட்டிருந்தார் ரென்விக்.

"மொத்தம் அஞ்சு அங்குலம் இருக்கு முர்டோ" என்றாள்.

அந்த மனிதர் தனக்காகப் பொய் சொன்னார் என்பதுதான் அதுவரை அவனுக்குத் தெரியும். அது பொய்கூட இல்லை என்று இப்போதுதான் பட்டது. இவன் பழையபடி ஆவான் என்று நம்பி ஒருவர் உட்கார்ந்து தைத்திருக்கிறார். டாக்டர்கூட அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. முர்டோ கோட்டை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதான். புதுத் துணியின் ஆட்டுக்கம்பளி வாசனை மூக்கில் ஏறியது.

அன்றைக்கே கடிதம் எழுத உட்கார்ந்தான். மூன்று தாளைக் கிழித்துப் போட்டபின் நாலாவதில் எழுதியது இது: 'சூட் பரவாயில்லை. எம். கெடஸ்.'

இஷ்பெல் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கு மூணு தாளா? இதுக்கு நீ எழுதாமலே இருக்கலாம்!"

"அவருக்குப் புரியும்."

பருவம் தொடங்கியதும் முதலில் விழுந்த மலைக்கோழிகளில் நல்ல ஜோடி ஒன்றைப் பொறுக்கி, கால்களைக் கட்டி, டவுன் பஸ்ஸில் அவருக்குக் கொடுத்தனுப்பினான். பதில் வரவில்லை. வரும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை.

பிப்ரவரியில் ஒருநாள் கோட்டுப் பொத்தான் இறுக்கியது. முர்டோ அதை இஷ்பெல்லிடம் சொல்லவே கூச்சப்பட்டான், நல்ல செய்தியைச் சொன்னால் கண்பட்டுவிடுமோ என்பதுபோல. அவளாகவே பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். வெளித் தையலைப் பிரித்து இஸ்திரி போட்டு நீட்டியபோது இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குப் புதுத் துணி வெளியே வந்தது. ஆறு மாத மழையும் சேறும் புகையும் படாத துணி. பழைய பச்சைக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது.

"ஐயையோ, இது கண்ணைப் பறிக்குதே" என்றாள். "கையை ஒட்டி வெச்சுக்கோ. பழைய கோட்டு ஒண்ணைப் போட்டுக்கிட்டுப் போயேன்."

"வேண்டாம். இதையே போடுறேன்."

முற்றத்தில் மேனேஜர், மலைக்கோழிகள் தீனி செரிக்கக் கொத்தும் பொடிக்கல் மூட்டைகளை லேண்ட் ரோவரில் ஏற்றிக்கொண்டிருந்தார். மழை வருகிற மாதிரி இருந்தது. முர்டோ உதவப் போனான். குனிந்து நிமிர்ந்ததும் கை விலகியது, மேனேஜரின் கண் அங்கே போய் நின்றது.

"கையைத் தூக்குங்க முர்டோ."

தூக்கினான். ஆகில்வி கோட்டின் பக்கவாட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பட்டாளத்தில் இருந்த காலத்தில் சிப்பாய்களைப் பார்த்த பார்வை. ஆள் குறைவாகத்தான் பேசுவார், ஆனால் மட்டி இல்லை.

"மே மாசம் நாப்பத்து நாலுன்னு எழுதினேன்."

"ஆமா சார்."

மேனேஜர் மலையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "ரென்விக்குக்கு வயசாயிருச்சு" என்றார் மெதுவாக. "டேப்பு கண்ணுக்குத் தெரியல போல. அடுத்த தடவை வேற ஆளைத்தான் பாக்கணும்."

தப்பிக்க ஒரு வழியை அவரே திறந்துவிட்டிருந்தார். ஒரு 'ஆமா சார்' போதும், பழி ரென்விக் மேல் போய்விடும். வீடு, மலை, நாய்கள் எல்லாம் பத்திரம்.

"இல்ல சார்" என்றான் முர்டோ. "அவரு சரியாத்தான் பாத்தாரு. முப்பத்தொன்பதுதான் இருந்தேன். உடம்பு சரியில்ல. உங்ககிட்ட நான்தான் மறைச்சேன். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல."

வண்டியடியில் படுத்திருந்த நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டது.

"இப்போ எவ்வளவு?"

"நாப்பது இருக்கும் சார். ஏறிக்கிட்டிருக்கு."

மழை விழத் தொடங்கியது. மேனேஜர் கீழே கிடந்த கடைசி மூட்டையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு முர்டோவுக்காகக் காத்து நின்றார். முர்டோ குனிந்து மறுநுனியைப் பிடித்தான். இருவரும் தூக்கினார்கள். மூட்டை வண்டிக்குள் போய்ச் சேர்வதற்குள் கோட்டு நனைந்து கறுத்தது. பக்கவாட்டில் பளிச்சென்று தெரிந்த பச்சையும் மழையில் கறுத்துக்கொண்டே வந்து, பழைய துணி எங்கே முடிகிறது, உள்ளிருந்து வந்த துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போனது.