கட்டிங் டேபிள்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி மூன்றாவது தடவையும் பொருந்தவில்லை.

"கைய கொஞ்சம் உள்ள தள்ளுங்கண்ணே," என்றார் பெட்டி கொண்டுவந்த தங்கதுரை.

கலையரசன் மனைவியின் வலது கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தார். அது சரிந்து மறுபடியும் விளிம்புக்கே வந்தது. தங்கதுரை மூடியின் மேல் முழங்கையை ஊன்றி அழுத்தினார். உள்ளே நிர்மலாவின் தோள் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது.

"அழுத்தாதீங்க," என்றாள் மகள் அபிநயா.

பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கதுரை கையை எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எல்லா பெட்டியும் இந்த ஒரே சைஸ்தாம்மா. பெருசு கள்ளக்குறிச்சியிலயே கெடையாது."

அது எல்லோருக்கும் கேட்டது.

இதே பேச்சை அம்மா ஐந்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறாள். அபிநயா அப்போது ஒன்பதாம் வகுப்பு. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நிர்மலா கோமுகி அணைக் கரையில் நடக்கத் தொடங்கியிருந்தாள். புடவையில் நடந்து தொடை உரசிப் புண்ணானது. டிராக் பேண்ட் வாங்க இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். கடைக்காரர் நிர்மலாவை மேலும் கீழும் பார்த்தார். "உங்க சைஸ் வராதுங்க. ஆம்பளைங்க பக்கம் வேணா பாருங்க," என்றார். திரும்பி வந்து கச்சிராயபாளையம் ஸ்டாண்டில் இறங்கும்போது நிர்மலா, "எனக்குத் தைக்கத் தெரியும்டி," என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவள் அவள். சீட்டு எடுத்துப் பழைய மெஷின் ஒன்று வாங்கினாள். யாரிடமும் கைநீட்டவில்லை. தனக்கு ஒரு பேண்ட், மகளுக்கு ஒன்று, பிறகு கரையில் கூட நடந்தவர்களுக்கு. அப்புறம் அபிநயா போனில் படம் எடுத்துப் போடப்போட, எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை வந்தது. நான்கு மெஷின், துணி வெட்ட ஒரு கட்டிங் டேபிள், நான்கு பெண்கள். அந்த பேண்ட்களில் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று எக்ஸ் எழுத்து இருக்காது, இஞ்ச் கணக்குதான். "எத்தினி எக்ஸ் போடறது? பரீச்சைப் பேப்பர்ல தப்பு போட்ட மாதிரி இருக்குது," என்பாள் நிர்மலா.

இன்று காலை ஏழு மணிக்கு அவள் ஓவர்லாக் மெஷின் மேல் தலையைச் சாய்த்திருந்தாள். ஊசிக்கு நூல் கோர்க்கிறாள் என்று அபிநயா நினைத்தாள். டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கரியாலூர் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் பன்னிரண்டு பேண்ட் கேட்டிருப்பதைச் சொன்னாள். நீல நிறத்தில் வேண்டுமாம் என்றும் சொன்னாள். பதில் வராததால் இரண்டாவது தடவையும் சொன்னாள். டீயில் ஆடை படிந்த பிறகுதான் தோளைத் தொட்டாள்.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். முன்கூட்டித் தெரிந்திருக்காது என்றும் சொன்னார்கள். பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அபிநயாவுக்கு இன்னும் அழுகை வரவில்லை. அந்த டீயை யாராவது எடுத்து ஊற்றினார்களா என்று மட்டும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன், ஒடம்பக் கொற, ஒடம்பக் கொறன்னு," என்றாள் கலையரசனின் அக்கா பெரியநாயகி, பக்கத்திலிருந்தவளிடம். சொல்லிவிட்டு அபிநயாவின் இடுப்பைப் பார்த்தாள். "இதுவும் அப்படியே அவ அம்மாதான்."

"தெனம் ஒரு மணி நேரம் நடப்பாங்கத்தே," என்றாள் அபிநயா. "நீங்க ஒரு நாளாச்சும் வந்து பாத்திருக்கலாம்."

பெரியநாயகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தங்கதுரை, "மூடாம வெச்சா கூல் நிக்காதுண்ணே. இன்னா பண்ணலாம்?" என்றார். நிர்மலாவோடு பிறந்த தமிழரசன் மாமா ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேர மாலை ஐந்து ஆகும். பந்தல் துணிக்கு மேல் சித்திரை வெயில் காய்ந்தது. கலையரசன் பெட்டியையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பெட்டி வேணாம்பா," என்றாள் அபிநயா. "அம்மாவ கட்டிங் டேபிளுக்குத் தூக்கிக்கினு வாங்க. ஐஸ் பார் வாங்கி சுத்தி வெக்கலாம்."

"வூட்டு வாசல்ல வெக்காம, கொட்டாயிலயா?" என்றார் யாரோ.

"அது எட்டடிக்கு நாலடி. அம்மா தாராளமா படுப்பாங்க."

கலையரசன் அதற்கு மேல் யாரையும் பேசவிடவில்லை. பெட்டியின் ஒயரை அவரே பிடுங்கினார்.

அபிநயா முன்னால் ஓடினாள். டேபிளில் நீலத்துணி எட்டு மடிப்பாக விரித்திருந்தது. நேற்று மாலை நிர்மலா சாக்பீஸால் கோடு போட்டு வைத்தது. எலாஸ்டிக் தைக்கும் ரங்கம்மாள் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"கோடு அழிஞ்சிடும் பாப்பா," என்றாள்.

"அழியட்டும்க்கா. அந்தப் பக்கம் புடிங்க."

இருவரும் துணியைச் சுருட்டி மூலையில் சாய்த்தார்கள். பார்சல் கட்டும் பிளாஸ்டிக் ஷீட்டை டேபிள் முழுக்க விரித்தார்கள். ஆறு பேர் நிர்மலாவைத் தூக்கிவந்து படுக்கவைத்தார்கள். இரண்டு கையும் பக்கவாட்டில் விழுந்தன; விழுந்த இடத்திலேயே இருந்தன. அணைப்பக்கத்து மீன்காரரிடமிருந்து சாக்கில் ஐஸ் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கொட்டகைக்குள் வந்து, மெஷின்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பெரியநாயகியும் வந்தாள். ஐஸ் கரைந்த தண்ணீரைத் துடைத்துத் துடைத்துப் பிழிந்தாள்.

நான்கு மணிக்குப் பாடை கட்டும் கொளஞ்சியப்பன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மூங்கில் அறுக்கணும். அகலம்... வழக்கமா ரெண்டடி போடுவோம்." நிறுத்தினார். "எவ்ளோ போடட்டும்?"

கலையரசன் இருபது வருஷம் கூட வாழ்ந்தவர். கைகளை விரித்து ஒரு அளவு காட்டப் பார்த்தார். விரித்த கைகளை ஒரு தடவை அகலமாக்கி, ஒரு தடவை சுருக்கி, கீழே போட்டுவிட்டார்.

அபிநயா ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்தாள். அம்மாவின் இடது முழங்கையில் நுனியை வைத்து, மார்புக்கு மேலாக வலது முழங்கை வரை பிடித்தாள். ஐஸுக்குப் பக்கத்தில் இருந்ததால் விரல் மரத்தது. குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு," என்றாள். கொட்டகை முழுக்கக் கேட்டது. "ரெண்டு இஞ்ச் லூஸ் விட்டு முப்பது போடுங்க. இறுக்கக் கூடாது."

"முப்பது," என்று சொல்லிக்கொண்டே கொளஞ்சியப்பன் போனார்.

அவள் டேப்பை விடவில்லை. பேண்டுக்கு அளவெடுப்பது போலக் கை தானாக இடுப்புக்கு இறங்கியது. அங்கே நின்றது. அளவைச் சொன்னால் எழுதிக்கொள்ள யாரோ இருப்பது போலத் தலையைத் திருப்பினாள். அப்பாதான் நின்றிருந்தார்.

டேப்பின் ஒரு முனை அம்மாவின் முதுகுக்கடியில் போய் நனைந்திருந்தது. அதை மெதுவாக உருவினாள். சுடிதார் நுனியால் ஈரத்தை ஒற்றி ஒற்றி, இஞ்ச் இஞ்சாக விரலில் சுற்றத் தொடங்கினாள். வெளியே மூங்கில் அறுக்கும் சத்தம் கேட்டது.